நடந்தால் நாடெல்லாம் உறவு: ஜேஜு தீவின் கடலோர நடைவழி

“நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை” என்பது நம் முன்னோர் வாக்கு. சோம்பலைக் கண்டிப்பதற்கே பெரியவர்கள் இதை எடுத்துச் சொல்வது வழக்கம். ஆனால் இப்பழமொழியின் முதற்பாதியை வாழ்க்கையில் மெய்ப்பித்துக் காட்டிய ஒரு பெண்ணைப் பற்றியும், அவர் தம் தீவைச் சுற்றி அமைத்த ஒரு பாதையைப் பற்றியும் இங்கே எழுத விழைகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சி. ஒரு முறை மாணவியரைப் பேருந்தில் சுற்றுலா அழைத்துச் சென்றோம். விடியற்காலையில் புறப்பட்டு ஒரே நாளில் ஆறு இடங்களைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பினோம். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து நின்று, “டீச்சர், நாம் இரண்டாவதாகப் பார்த்தது எந்த இடம்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னாலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. அந்த ஆறு இடங்களிலும் நாம் மறக்காமல் விட்டு வந்தவை சாப்பாட்டுப் பொட்டலத் தாள்கள் மட்டுமே என்பது பிறகு நினைவுக்கு வந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

ஓர் இடத்தைப் பார்ப்பது என்றால் என்ன? பார்க்கப் போகிறவரால் அந்த இடத்திற்கும், அங்கு வாழும் மக்களுக்கும் நன்மை விளையுமா, கேடு விளையுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோருக்கு ஜேஜு தீவின் கதை பெரிதும் உதவும்.

சந்தியாகப்பரின் வழி

கதை தொடங்குவது ஸ்பெயின் நாட்டில். புனித யாகப்பரை நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று அழைக்கிறோம். சந்தியாகு என்று பெயர் சூட்டப்பெற்றவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அந்தத் திருத்தூதரின் கல்லறை இருப்பதாகப் போற்றப்படும் ஊர், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா. பிரெஞ்சு நாட்டு எல்லை மலைகளிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் புகழ்பெற்ற திருப்பயண வழி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் நடந்த வழி அது. இருபதாம் நூற்றாண்டில் அதில் நடப்போர் மிகக் குறைந்துவிட்டனர். ஓ செப்ரேரோ என்னும் மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞ்ஞா, 1980-களில் மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு, வழிநெடுக மரங்களிலும் கற்களிலும் சுவர்களிலும் அம்புக்குறிகளைத் தம் கையாலேயே வரைந்தார். வழி தெரிந்தது, மக்களும் திரும்ப வந்தனர். இப்போது ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அந்த அம்புக்குறிகளைப் பார்த்தே நடக்கின்றனர்.

அவ்வாறு நடந்தவர்களுள் ஒருவர் தென் கொரியாவைச் சேர்ந்த சோ மியோங் சுக் என்னும் பெண்மணி. இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் துறையில் உழைத்து, ஆசிரியர் பொறுப்பு வரை உயர்ந்தவர். ஓயாத வேலையால் உடலும் மனமும் களைத்துப் போக, வேலையை விட்டுவிட்டு 2006-இல் சந்தியாகப்பரின் வழியில் நடந்தார். அவ்வழியில் சந்தித்த இங்கிலாந்துப் பெண் ஒருவர், நாம் இங்கே பெற்ற இன்பத்தை நம் ஊராரும் பெற வேண்டாமா, அவரவர் நாட்டில் அவரவர் ஒரு வழி அமைப்போமே என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். அந்தச் சொல் சோ அம்மையாரின் மனத்தில் தைத்துவிட்டது. தாம் பிறந்து வளர்ந்த தீவு அவர் கண்முன் வந்தது. அதுவே ஜேஜு.

தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே

கொரியத் தீபகற்பத்தின் தெற்கே கடலில் இருக்கும் ஜேஜு, ஏறத்தாழ 1,850 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. நடுவில் 1,947 மீட்டர் உயரமுள்ள ஹால்லா மலை நிற்கிறது. அதைச் சுற்றிலும், தாயைச் சூழ்ந்த பிள்ளைகளைப் போல, 360-க்கும் மேற்பட்ட சிறு எரிமலைக் குன்றுகள் உள்ளன. அவற்றை அங்கே ‘ஓரம்’ என்கிறார்கள். இத்தீவின் எரிமலைப் பகுதிகளையும் குழம்பு ஓடிய குகைகளையும் 2007-இல் யுனெஸ்கோ உலக இயற்கை மரபுச் செல்வமாக அறிவித்தது.

இத்தீவில் மூன்று மிகுதி என்பர்: காற்று, கல், பெண்கள். காற்று ஓயாது வீசும். நிலமெங்கும் கரிய எரிமலைக் கல். எனவே வயல்களைச் சுற்றியும் வீடுகளைச் சுற்றியும் கற்சுவர் எழுப்பினர். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக, இடையே துளைகள் இருக்கும்படி அடுக்கினர். காற்று அத்துளைகளின் வழியே புகுந்து வெளியேறிவிடுவதால் புயலிலும் சுவர் நிற்கும். முழுதும் அடைத்துக் கட்டினால் காற்று மோதிச் சுவர் சாயும். எதிர்த்து நிற்பதைவிட இடம் கொடுத்து நிற்பதில் வலிமை உண்டு என்பதை அத்தீவு மக்கள் கல்லிலேயே கற்றிருக்கின்றனர்.

தெருவிலிருந்து வீட்டு வாசல்வரை இத்தகைய கற்சுவர்களுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒடுங்கிய சந்துக்கு ‘ஒல்லே’ என்பது தீவு மக்களின் பேச்சு வழக்கு. அந்தச் சந்தின் வாயிலில் கதவு இராது. இருபுறமும் துளையிட்ட கல் நட்டு, குறுக்கே மூன்று மரக் கழிகளைச் செருகுவர். கழி ஒன்றும் செருகப்படாவிட்டால் வீட்டில் ஆள் உண்டு. ஒரு கழி மட்டும் இருந்தால் பக்கத்தில் போயிருக்கிறார்கள், உடனே வருவார்கள். இரண்டு இருந்தால் வரச் சற்று நேரமாகும். மூன்றும் இருந்தால் தொலைவு சென்றிருக்கிறார்கள். பூட்டும் சாவியும் வேண்டாத ஊரின் அழகிய ஏற்பாடு இது.

தாம் அமைக்கப்போகும் வழிக்குச் சோ அம்மையார் ‘ஒல்லே’ என்னும் இப்பெயரையே சூட்டினார். ஊரார் வீட்டு வாசலுக்கு அழைத்துச் செல்லும் வழியாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கையால் அமைத்த பாதை

முதல் தடம் 2007 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தீவின் கிழக்கே ஒரு தொடக்கப்பள்ளியின் அருகில் தொடங்கி, குன்றுகளில் ஏறி, கோட்டை போல் கடலில் நிற்கும் சொங்சான் எரிமலைவாயைக் கண்டு, கடற்கரையில் முடியும் 15 கிலோமீட்டர் தடம் அது. அதன்பின் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கூடின. 2012 நவம்பரில் தீவைச் சுற்றிய வளையம் முழுமை பெற்றது. பக்கத்துச் சிறு தீவுகளில் உள்ளவற்றையும் சேர்த்து இன்று 27 தடங்கள், மொத்தம் 437 கிலோமீட்டர். நடப்பதற்குக் கட்டணம் இல்லை. நன்கொடையாலும் தொண்டர்களாலும் நடைபெறும் ஓர் அறநிறுவனம் இதனைப் பேணி வருகிறது.

பாதையைப் புதிதாக ‘வெட்டுவது’ அவர்கள் நோக்கமன்று. சிறுவர் பள்ளிக்குப் போன வழி, பெண்கள் கடலுக்குப் போன வழி, மாடு மேய்ந்த வழி என்று, வண்டிச் சாலைகள் வந்தபின் புதர் மூடிப் போன பழைய வழிகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று இணைத்தார்கள். அம்மையாரின் தம்பியும் இந்தத் தேடுதலில் முன்நின்றார். மண்ணைப் புரட்டும் எந்திரங்களைக் கொண்டுவரவில்லை; சிமெண்டு கொட்டவில்லை. ஏழாம் தடத்தில் காட்டாடுகள் நடந்த சுவட்டைப் பின்பற்றி, ஒருவர் மண்வெட்டியும் கடப்பாறையும் கொண்டு ஒரு வழியைத் திருத்தினார். அப்பகுதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வேறோர் இடத்தில் படைவீரர்கள் கடற்கரைக் கற்களைக் கையால் சுமந்து அடுக்கினர். தோட்டங்களின் ஊடே செல்ல உரிமையாளர்களிடம் இசைவு கேட்டார்கள். இசையாத இடத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வழிகாட்டும் அடையாளங்களும் எளியவை. மரக்கிளைகளில் நீலமும் ஆரஞ்சுமாக இரு நாடாக்கள் படபடக்கும். நீல அம்புக்குறி கடலின் நிறம், தடத்தின் நேர்த்திசை. ஆரஞ்சுக் குறி அத்தீவில் விளையும் கமலா ஆரஞ்சின் நிறம், எதிர்த்திசையில் வருவோருக்கு. ‘கான்சே’ என்னும் குதிரைக்குட்டி உருவமும் ஆங்காங்கே நிற்கும். அதன் தலை நோக்கும் பக்கமே செல்ல வேண்டிய பக்கம். சோம்பேறி என்று பொருள்படும் தீவுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஓடாதே, நின்று பார், மெல்லப் போ என்று அது சொல்லாமல் சொல்கிறது.

கடலில் மூழ்கும் அன்னையர்

மெல்ல நடப்பவர்களுக்கே சில ஒலிகள் கேட்கும். கரையோரம் நடக்கும்போது கடலிலிருந்து சீழ்க்கை போன்ற ஓர் ஓசை எழும். அது பறவையின் குரலன்று. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்ற பெண்கள் மேலே வந்து மூச்சை வெளியிடும் ஓசை. ‘ஹேன்யோ’, அதாவது கடற்பெண்கள் என்று அவர்களை அழைக்கிறார்கள். காற்றுக் குப்பி எதுவுமின்றிப் பத்து மீட்டர் ஆழம்வரை மூழ்கிச் சங்கும் கடல் நத்தையும் கடற்பாசியும் எடுக்கிறார்கள். கடற்பாசி சேகரிக்கக் கடலில் இறங்கும் நம் இராமநாதபுரம் கடற்கரைப் பெண்களை அறிந்தவர்களுக்கு இவர்களுடைய உழைப்பின் அருமை விளங்கும்.

1960-களில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டிருந்த இவர்கள் இன்று மூவாயிரத்திற்கும் குறைந்துவிட்டனர். இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். எண்பது வயதிலும் மூழ்குவோர் உண்டு. இவர்களது வாழ்க்கை முறையை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இவர்களிடம் நாம் கற்க வேண்டியது மூழ்கும் திறனை மட்டுமன்று. இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சிறு சங்கைக் கடலிலேயே விட்டுவிடுவர். ஆழமில்லாத கரையோரப் பகுதியை, ஆழத்திற்குச் செல்ல இயலாத முதியவர்களுக்கென ஒதுக்கி, ‘பாட்டிமார் கடல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஓன்பியோங் என்னும் கிராமத்தில் 1950-களில் கடலின் ஒரு பகுதியைப் ‘பள்ளிக் கடல்’ என்று ஒதுக்கி, அங்கு எடுத்ததை விற்ற பணத்தைக் கொண்டு, எரிந்துபோன தொடக்கப்பள்ளியை மீண்டும் எழுப்பினார்கள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தாய்மார்கள் தம் மக்களின் கல்விக்காகக் கடலடிக்குச் சென்று வந்தார்கள் என்பதைப் பள்ளியில் அமர்ந்து படிக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒல்லேயின் இரண்டாம் தடம் முடிவது இவ்வூரில்தான்.

கற்களிடையே ஒரு தாயின் கல்லறை

நமக்கு நெருக்கமான வேறு இரு நினைவிடங்களும் இவ்வழியில் உள்ளன. 1801-இல் கொரியாவில் கிறிஸ்தவர்கள் மீது பெருங்கொடுமை கட்டவிழ்த்து விடப்பட்டது. கணவர் கொல்லப்பட்டபின், மரியா சோங் நான் சூ என்னும் உயர்குடிப் பெண் அடிமையாக ஜேஜுவுக்கு நாடு கடத்தப்பட்டார். கையில் இரண்டு வயது மகன். தாயோடு சென்றால் அவனும் அடிமையாவான். படகு வழியில் சூஜா தீவை அடைந்தபோது, குழந்தையை அங்கே கரைப்பாறையருகே விட்டுவிட்டுப் போனார். மீனவர் குடும்பமொன்று அவனை எடுத்து வளர்த்தது. தாய் 37 ஆண்டுகள் அடிமையாக உழைத்து, மகனை மறுபடி காணாமலேயே 1838-இல் இறந்தார். அவருடைய கல்லறை ஒல்லேயின் பதினோராம் தடத்தில் இருக்கிறது. மகனின் கல்லறை சூஜா தீவில், அத்தீவைச் சுற்றும் ஒல்லே வழியிலேயே இருக்கிறது. இருவரையும் பிரித்த கடலின் இரு கரையிலும் இன்று ஒரே வழியின் நீல நாடா கட்டப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டாம் தடம் முடியும் யோங்சு துறைமுகம் மற்றொன்று. கொரியாவின் முதல் குருவாகிய புனித அந்திரேயா கிம் தேகோன், 1845 ஆகஸ்டில் ஷாங்காய் அருகே குருப்பட்டம் பெற்றுத் தாயகம் திரும்புகையில், புயலில் அலைக்கழிந்த அவரது மரக்கலம் அந்தக் கரையருகே ஒதுங்கியது. மறு ஆண்டே அவர் மறைசாட்சியானார். 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சியோல் நகருக்கே வந்து, அவரையும் உடன் 102 பேரையும் புனிதர்களாக அறிவித்தார். யோங்சு கரையில் இன்று நினைவுக் கோவில் உள்ளது. வண்டியில் விரைவோர் கடந்து போய்விடக்கூடிய சிற்றூர் அது. நடப்பவர்கள் அங்கே தங்கி இளைப்பாறுகிறார்கள்.

கூட்டம் பெருகினால்?

மாணவியரே! இதுவரை நன்மைகளையே சொன்னேன். ஆனால் எந்த நன்மைக்கும் அளவு உண்டு. ஏழு இலட்சத்திற்கும் குறைவான மக்கள் வாழும் ஜேஜுவுக்கு 2013-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2016-இல் அத்தொகை ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. இவர்களில் நடக்க வந்தோர் ஒரு பகுதியினரே. ஆயினும் எல்லோருக்கும் நீர் வேண்டும். துளை மிகுந்த எரிமலை மண் மழையை உறிஞ்சிவிடுவதால் அத்தீவில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் மிகச் சில; மக்கள் பெரிதும் நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. குப்பையும் கழிவு நீரும் அந்த மண்ணின் வழியாகவே கீழே இறங்கக்கூடும் என்றால், எத்துணை விழிப்பு வேண்டும்!

நடப்பவர்களாலும் கேடு உண்டு. ஒருவர் மிதித்தால் புல் எழுந்து நிற்கும். ஆயிரம் பேர் மிதித்தால் வேர் சாகும். வேர் இறந்த சரிவில் மழைநீர் கால்வாய் பறிக்கும். சேற்றுக்கு அஞ்சி மக்கள் ஓரமாக நடப்பார்கள்; பாதை அகன்று, அந்த ஓரத்துப் புல்லும் சாகும். எரிமலைச் சரளை உருண்டோடும் குன்றுகளில் இது மிக விரைவில் நிகழ்கிறது. பத்தாம் தடத்தின் அருகிலுள்ள சொங்காக் குன்று இவ்வாறு சிதைந்ததால், 2015 ஆகஸ்டில் அதன் உச்சிப் பாதையை மூடிப் பல ஆண்டுகள் ஓய்வில் விட்டார்கள். வயலைத் தரிசாகப் போட்டு வைப்பது போல, குன்றுக்கும் ஓய்வு தருவது அங்கே ஒரு முறையாகவே ஆகியிருக்கிறது.

மற்றொரு துயரமும் நேர்ந்தது. 2012 ஜூலையில் முதல் தடத்தில் தனியே நடந்த ஒரு பெண் கொல்லப்பட்டார். தடம் சில காலம் மூடப்பட்டது. தனியே நடக்க விரும்பும் பெண்ணுக்குப் பாதுகாப்பைத் தருவது யார் பொறுப்பு என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. பெண்களை வீட்டிலேயே இருத்துவதை விடையாகக் கொள்ளவில்லை. காவலர் சுற்றுக்காவல் வந்தது. துணையோடு நடக்கவும், பொழுது சாயுமுன் நடையை முடிக்கவும் அறிவுறுத்தினார்கள். தடம் மீண்டும் திறக்கப்பட்டது. பெண்கள் மீண்டும் நடந்தார்கள்.

பணம் யாரைச் சேர்கிறது என்பதும் ஒரு கேள்வி. பெரிய விடுதியில் தங்கி வாடகை வண்டியில் சுற்றுபவரின் பணம் ஊரைத் தொடாமலே போய்விடலாம். நடப்பவரோ பசித்த இடத்தில் சாப்பிட வேண்டும். களைத்த இடத்தில் படுக்க வேண்டும். எனவே தனித்து வாழும் மூதாட்டிகள் தங்கள் வீட்டு அறையை வாடகைக்கு விடும் ‘பாட்டி வீட்டுத் தங்கல்’ ஏற்பாட்டைச் செய்தார்கள். கிராமத்துப் பெண்கள் கந்தல் துணிகளைக் கொண்டு கான்சே குதிரைப் பொம்மைகள் தைத்து விற்கிறார்கள். நடப்பவர்கள் வழியில் கண்ட குப்பையைப் பையில் பொறுக்கிக்கொண்டு வரும் ‘தூய ஒல்லே’ இயக்கமும் நடைபெறுகிறது.

கடல் கடந்த உறவு

ஒல்லேயின் கிளைகள் கடல் கடந்தும் பரவின. 2012-இல் ஜப்பானின் கியூஷு தீவிலும், 2017-இல் மங்கோலியாவிலும் இப்பெயரில் தடங்கள் திறக்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பேரழிவுக்குள்ளான ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 2018-இல் ஒல்லே தொடங்கிற்று. அதே கடலைப் பார்த்து அஞ்சியிருந்த ஊர்களுக்கு, அந்தக் கடலைக் காணவே மனிதர்கள் மீண்டும் நடந்து வந்தார்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே கசப்பான வரலாறு உண்டு. அத்தகைய இரு நாட்டாரும் ஒரே பெயரால் வழி அமைத்தனர் என்றால், “நடந்தால் நாடெல்லாம் உறவு” என்பது வெறும் பேச்சன்று.

நமக்கு

ஜேஜுவுக்கு நாம் எல்லோரும் போக வேண்டுவதில்லை. போகும் இடம் எதுவாயினும் சில எளிய நெறிகளை அங்கே கொண்டு போகலாம். ஆறு இடங்களுக்கு மாறாக ஓர் இடம் போதும். போட்ட பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள். கிளிஞ்சலையும் பூவையும் கண்ணால் மட்டும் எடுத்து வாருங்கள். கொண்டுபோன தாளையும் பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள். அந்த ஊர்ப் பெண்கள் சுட்டு விற்கும் பண்டத்தை வாங்கிச் சாப்பிடுங்கள். அவர்களுடைய பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பெண் பிள்ளைகளை நடக்க விடுங்கள், முடிந்தால் அவர்களோடு நீங்களும் நடங்கள்.

அடுத்த முறை நாங்கள் சுற்றுலா சென்றபோது ஒரே ஓர் இடத்திற்குப் போனோம். கடற்கரையோரமாக ஆறு கிலோமீட்டர் நடந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் தந்தார். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னபோது ஒருவரும் எழுந்து நின்று கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் அந்த ஆச்சியைப் பற்றியே எழுதியிருந்தார்கள்.